குறுக்குக் காற்றின் தரகுக் கூலி

ஆடி மாதத்தில் நண்பர்கள் பதின்மரோடு ஒருநாள் தலைமன்னாருக்குப் போய்த் திரும்பி, பின்னர் பூநகரி வழியாக யாழ்ப்பாணத்துக்குத் துவிச்சக்கர வண்டியிற் செல்ல உத்தேசித்திருக்கும் வாசகர் ஒருவர், "தீவிலே போகும்போது இடைஞ்சல் செய்யும் சோளகம் திரும்பும்போது அதை ஈடுசெய்துவிடுமல்லவா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். மேடுபள்ளம் இல்லாத காரணத்தால், கைபேசிச் செயலி அவ்வழி முழுவதையும் "எளிது" என்று சொல்லிவிட்டதாம். மலையேற்றம் ஒன்றையே கஷ்டமென அறிந்த யந்திர புத்திக்கு அவ்வளவுதான் எட்டும்.

ஈடுசெய்யாது என்பதே என் விடை. மன்னார்த் தீவு தென்கிழக்கிலிருந்து வடமேற்காக நீண்டு கிடப்பதால், சோளகமாகிய தென்மேற்குப் பருவப்பெயர்ச்சிக் காற்று, 30 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைந்த தலைமன்னார் வீதியைக் கிட்டத்தட்டச் செங்கோணத்திலே தாக்குகிறது. 2020-இல் திறந்துவைக்கப்பட்ட தம்பபவனிக் காற்றாலையின் 30 விசிறிகளும் தென்கரையோரமாக அணிவகுத்து நிற்பது, அந்தக் காற்றை ஒன்றின் மறைவில் மற்றொன்று சிக்காமல் வாங்கிக்கொள்வதற்காகத்தான்.

பக்கவாட்டிலே வருவது பக்கவாட்டிலேதானே தள்ளும், பிரயாணத்துக்கு அதனால் லாபமுமில்லை நஷ்டமுமில்லை என்று தோன்றும். ஆனால் காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகுவது. அந்த வர்க்கமோ, நம் வேகத்தையும் காற்றின் வேகத்தையும் சேர்த்த பிறகே எடுக்கப்படுவது. மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்திற் செல்பவர்மீது 30 கிலோமீற்றர்க் குறுக்குக் காற்று வீசினால், பைதகரசின் கணக்குப்படி அவர் உடல் உணர்வது 36 கிலோமீற்றர்க் காற்று. அத்தடையில் அவரைப் பின்னுக்குத் தள்ளும் பங்கு 36×20, அதாவது 720. காற்றில்லாத நாளில் அது 20×20, வெறும் 400. போகும்போதும் 720, திரும்பும்போதும் 720! மனித உடல் உருண்டையன்று ஆதலால் உண்மைக் கணக்குச் சற்று விலகுமெனினும் சாரம் மாறாது.

குறுக்குக் காற்று, வாங்குபவனிடமும் விற்பவனிடமும் கூலி பறிக்கும் மாட்டுத் தரகனை ஒத்தது. துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவதால் அவன் கை நமக்குத் தெரிவதில்லை. அவசரப்படுபவனிடம் அதிகமாகக் கறப்பான். சந்தையில் சும்மா நிற்பவனிடம் ஒன்றும் கேட்பதில்லை, வண்டியை நிறுத்தியவனுக்குப் பின்னிழுப்பு இல்லாததைப் போல. தரகனாவது மாட்டைப் பார்த்துக் கூலி கேட்பான்; காற்றோ, விளம்பரங்கள் விதந்தோதும் விலையுயர்ந்த தலைக்கவசத்தைக் கண்டும் பெரிதாக இரங்குவதில்லை.

 

ஒருவர் பின் ஒருவராகச் சென்று காற்றுமறைவு தேடுவது யாவரும் அறிந்த தந்திரம். குறுக்குக் காற்றிலோ மறைவு நேர்பின்னால் விழாது, மூலைவிட்டமாகச் சாய்ந்து விழும். தலைமன்னாரை நோக்கிப் போகையிற் காற்று இடப்புறமிருந்து வருவதால், முன்னவர் வீதியின் இடதோரத்தில் நிற்க, மற்றவர்கள் வலப்புறமாகச் சரிந்து நடுவீதிக்கு, அதாவது பேருந்துகளின் பாதைக்கு, வந்துவிடுவர். திரும்புகையில் வரிசை இடப்பக்கம் சரிய, நடுவீதியிலே நிற்க வேண்டியவர் தலைவர் ஒருவரே. எனவே எல்லோரையும் ஒரே வரிசையாக்குவது அபாயம். மும்மூவராகவோ நால்வராகவோ பிரித்து, இடைவெளி விட்டு, முன்னிற்பவரை அடிக்கடி மாற்றிக்கொள்வதே விவேகம். தீவுப் பயணத்தை அதிகாலையிலே தொடங்குவதும் நன்று.

பூநகரி வழியின் ஸ்திதி வேறு. விடத்தல்தீவு, இலுப்பைக்கடவை, வெள்ளாங்குளம் என்று வீதி பெரும்பாலும் வடகிழக்கை நோக்கி ஏறுவதால், ஆடிச் சோளகம் ஏறக்குறைய முதுகிலேயே விழும். மார்கழியிற் போவதானால் வடகீழ்க் காற்றை எண்ணி யாழ்ப்பாணத்திலிருந்தே புறப்பட வேண்டும். முதுகிலே விழும் காற்றிலும் ஒரு வேடிக்கை உண்டு: காற்று நம்மைவிட வேகமாக ஓடும்போது மறைவு முன்புறம் விழுகிறது. நெருங்கிப் பின்தொடர்பவர் முன்னவருக்குக் கிடைக்கவேண்டிய தள்ளுதலைத் தாமே வாங்கிக்கொள்கிறார். ஆகையால் சங்குப்பிட்டிப் பாலம் வரையில் நண்பர்கள் ஒட்டிக்கொண்டு செல்லவேண்டிய அவசியமேயில்லை.