கையால் செய்த தளவாடத்துக்குக் கைப்பேசிப் படம்: வேலைப்பாடு தெரிய எடுப்பது எப்படி?

கெப்பாலா பத்தாஸ் – ஒரு சாமி மேடையைச் செய்து முடிக்கத் தச்சருக்குப் பல நாள்கள் பிடிக்கின்றன. அதை விற்பதற்கான படத்துக்கு மட்டும் பத்து விநாடிக்கு மேல் ஒதுக்குவதில்லை. பட்டறையின் மஞ்சள் விளக்கடியில், பின்னால் மோட்டார் சைக்கிளும் தண்ணீர்க் குழாயும் தெரிய எடுத்த படம் புலனத்தில் போய்ச் சேர்கிறது. "இவ்வளவு வெள்ளியா? கடையில் இதைவிட மலிவாகக் கிடைக்குமே" என்று பதில் வருகிறது.

கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. மங்கலான படத்தில், கையால் இழைத்த பலகையும் மர ரேகை அச்சிட்ட தாளை ஒட்டிய பலகையும் ஒன்றுபோலவே தெரிகின்றன. அந்த வேறுபாட்டைப் படம்தான் காட்ட வேண்டும். அதற்கு விலையுயர்ந்த கேமரா தேவையில்லை. கையில் உள்ள கைப்பேசி, ஒரு வெள்ளை விரிப்பு, கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும்.

நண்பகல் 12 மணிக்கு அல்ல

உச்சி வெயிலில் படம் எடுக்கக்கூடாது என்பது பலருக்குத் தெரியும். ஆனால், நம் ஊரில் உச்சி வெயில் 12 மணிக்கு வருவதில்லை. 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் நேரம் அரை மணி முன்னே நகர்த்தப்பட்டு, சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக்கப்பட்டது. அதனால் பினாங்கு வட்டாரத்தில் சூரியன் தலைக்கு மேல் வருவது ஏறக்குறைய பிற்பகல் 1.20 மணிக்குத்தான். காலை 11 மணி முதல் பிற்பகல் 4 மணி வரை வெட்டவெளியில் எடுத்தால் மேசைப்பலகை வெளுத்துப்போகும், கால்கள் கறுப்பாகிவிடும்.

காலை 8 முதல் 10 மணி வரையும் மாலை 5 மணிக்குப் பிறகும் நல்ல வேளை. அதிலும் நேரடி வெயிலைவிட வாசல் கூரையின் நிழலே மேல். தளவாடத்தைச் சன்னல் அல்லது வாசலுக்குப் பக்கவாட்டில் வையுங்கள். பக்கத்திலிருந்து சாய்ந்து விழும் வெளிச்சத்தில்தான் மர ரேகையும் உளியின் செதுக்கலும் எழுந்து தெரியும். கைப்பேசியின் மின்வெட்டு விளக்கு நேர் எதிரே அடித்து இவற்றையெல்லாம் தட்டையாக்கிவிடும், அதை அணைத்துவிடுங்கள்.

மறுபக்கம் இருண்டு கிடந்தால், வெள்ளை மணிலா அட்டை ஒன்றைப் படத்தில் விழாதபடி அந்தப் பக்கம் நிறுத்தினால் வெளிச்சம் திரும்பி அடிக்கும். வார்னிஷ் பளபளத்துக் கண்ணைக் கூசினால், நீங்கள் ஓரடி நகர்ந்து பாருங்கள், பளபளப்பு விலகும்.

மரத்தின் நிறம் மாறக்கூடாது

தோட்டத்துக் குடும்பங்களுக்கு ரப்பர் மரத்தை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. நட்டு 25, 30 ஆண்டுகள் ஆனதும் பால் குறைந்து வெட்டப்படும் மரம், ஒரு காலத்தில் பெரும்பாலும் விறகாகத்தான் எரிந்தது. வண்டும் பூஞ்சையும் எளிதில் பற்றும் என்பதே காரணம். போரான் மருந்தேற்றிச் சூளையில் உலர்த்தும் முறை பரவிய பிறகு, 1980களிலிருந்து அது மலேசியத் தளவாடத் தொழிலின் முக்கிய மரமாகிவிட்டது. நம் பாட்டிமார் பால் வெட்டிய மரம் இன்று சாப்பாட்டு மேசையாக நிற்கிறது.

அந்த மரம் இயல்பில் வெளிர் மஞ்சள் நிறம் கொண்டது. மஞ்சள் விளக்கடியில் எடுத்தால் தேக்குபோலத் தெரியும். பொருள் வீட்டுக்கு வந்ததும் வாங்கியவர் முகம் மாறும். விற்கும் பொருள் அதைப் பற்றிச் சொன்ன விவரத்தோடு பொருந்த வேண்டும் என்கிறது 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். ஆகவே, நிறம் அழகு சார்ந்த விஷயம் மட்டுமல்ல. வியாபார நேர்மையும் அதில் இருக்கிறது.

இதற்கு எளிய வழி உண்டு. பகல் வெளிச்சத்தில் எடுக்கும்போது அறை விளக்குகளை அணைத்துவிடுங்கள். முதல் படத்தில் தளவாடத்தின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள். படத்தில் அந்தத் தாள் மஞ்சளாகவோ நீலமாகவோ தெரிந்தால், மரத்தின் நிறமும் பொய்தான். தாள் வெள்ளையாகும்வரை கைப்பேசியிலேயே நிறத்தைத் திருத்தி, அதே அளவை மற்றப் படங்களுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

தள்ளி நில்லுங்கள், குனிந்து எடுங்கள்

நாற்காலிக்கு மிக அருகில் நின்று எடுத்தால், முன்கால் யானைக்கால்போலவும் பின்கால் குச்சிபோலவும் தெரியும். மூன்று மீட்டர் அளவுக்குத் தள்ளி நின்று, கைப்பேசியில் இரண்டு மடங்கு லென்ஸ் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இடம் குறுகலாக இருக்கிறது என்று அகல லென்ஸை நாடினால் சட்டங்கள் வளையும்.

நின்றபடி மேலிருந்து எடுத்தால் கால்கள் கீழே குறுகும். கைப்பேசியைத் தளவாடத்தின் பாதி உயரத்துக்கு இறக்கி, சாய்க்காமல் நேராகப் பிடியுங்கள். திரையில் கட்டக்கோடுகளை வரவழைத்தால் மேசைக்கால் நேராக நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். பெரும்பாலான கைப்பேசிகளில், மரத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் குவியமும் வெளிச்சமும் அங்கேயே நிலைத்துவிடும். எல்லாவற்றுக்கும் முன், லென்ஸைத் துடையுங்கள். பட்டறையில் அதன்மேல் எப்போதும் மரத்தூள் இருக்கும்.

எந்தெந்தப் படங்கள் தேவை?

முழுப் பொருளும் சற்றுச் சாய்கோணத்தில் தெரியும் படம் ஒன்று, நேர் எதிரே ஒன்று. பின்னணியில் வெறும் சுவரோ, சுருக்கமில்லாத ஒரே நிற விரிப்போ போதும்.

மூன்றாவது படம்தான் முக்கியம். சட்டத்தின் முனையைச் செதுக்கி மற்றொன்றின் துளைக்குள் இறக்கிய இணைப்பை அருகில் எடுங்கள். நான்காவதாக, பின்பக்கம் அல்லது அடிப்பக்கம். இழுப்பறை இருந்தால் அதைத் திறந்து அடிப்பலகையைக் காட்டுங்கள். மலிவான தளவாடத்தில் பெரும்பாலும் மறைக்கப்படும் இடங்கள் இவை. கைத்தொழிலாளி தயங்காமல் காட்டக்கூடிய இடங்களும் இவைதாம்.

ஐந்தாவது படத்தில் அளவு நாடாவை விரித்து வையுங்கள். சாமி மேடை என்றால் குத்துவிளக்கு ஒன்றை வைத்து எடுத்தால், வீட்டு மூலையில் அது அடங்குமா என்று வாங்குபவரே கணக்குப் போட்டுக்கொள்வார். மரத்தில் முடிச்சோ, அடைத்த வெடிப்போ இருந்தால் அதற்கும் ஒரு படம் வேண்டும். முன்கூட்டியே காட்டிய குறைக்காக யாரும் பிறகு சண்டைக்கு வரமாட்டார்கள்.

புலனத்தில் அனுப்பும்போது படம் சுருங்கி, நுணுக்கங்கள் மங்கும். உயர்தர அமைப்பைத் தேர்ந்தெடுத்தோ, ஆவணமாக இணைத்தோ அனுப்பினால் இணைப்பின் கோடுவரை தெரியும். படத்தின் கீழே மரத்தின் பெயர், நீள அகல உயரம், செய்ய ஆகும் நாள்கள், விலை, ஏற்றுக்கூலி ஆகியவற்றை எழுதுங்கள். லோரியிலிருந்து பொருளை இறக்கும்போது, "படத்தில் பார்த்தது இதேதான்" என்று வாங்கியவர் சொல்ல வேண்டும். அடுத்த வீட்டுக்காரரிடம் தச்சரின் எண்ணைக் கொடுப்பதும் அவர்தான்.