உங்களுக்குத் தெரியுமா? மூன்று இடங்களின் கொதிநிலை, ஒரே வரியில்

நல்லதண்ணியிலிருந்து ஏறிப்போகும் சிவனொளிபாத மலையின் உச்சியில், 2243 மீற்றர் உயரத்தில், தண்ணீர் 100 பாகை வரை காத்திருப்பதில்லை, சுமார் 92.5 பாகையிலேயே கொதித்துவிடும். 300 மீற்றருக்கு ஏறத்தாழ ஒரு பாகை குறையும் என்பது கைக்கணக்கு.

ஹட்டன் (சுமார் 1270), நுவரெலியா (1868), மலையுச்சி ஆகிய மூன்று உயரங்களையும் பைத்தான் நிரல்மொழியில் சாதாரணப் பட்டியலாக எழுதி 300ஆல் வகுத்துப் பாருங்கள், பிழை காட்டி நின்றுவிடும். அதையே பைத்தானின் ‘நம்பை’ (NumPy) நூலகத்து அணியாக மாற்றி, 300ஆல் வகுத்து 100இலிருந்து கழித்தால் 95.8, 93.8, 92.5 என்று மூன்று விடைகளும் ஒன்றாக வந்து விழும். சுழற்சிக் கட்டளை எதுவும் வேண்டியதில்லை. கென்னத் ஐவர்சன் 1962இல் நூலாக வெளியிட்ட ஏ.பி.எல். குறியீட்டிலேயே இந்த அழகு இருந்தது. பின்னர் ஃபோர்ட்ரான் மொழியிலும், சைன், கொசைன் போன்ற சார்புகள் உட்பட, ஃபோர்ட்ரான் 90 பதிப்பு அதைக் கொண்டுவந்தது.

மாணவர்கள் தடுக்கி விழுவது ‘இஃப்’ நிபந்தனையில்தான். “93க்குக் குறைந்தால் பருப்பு வேக நேரமெடுக்கும்” என்று ஒரு எண்ணுக்கு எழுதிய சார்பிடம் முழு அணியையும் கொடுத்தால், எந்த எண்ணைச் சொல்கிறீர்கள் என்று புரியாமல் அது மறுத்துவிடும். அந்தச் சார்பை நம்பையின் ‘வெக்டரைஸ்’ (vectorize) கொண்டு சுற்றிக் கொடுத்தால் வேலை நடக்கும், ஆனால் வேகம் கூடாது: உள்ளே ஒவ்வொரு எண்ணாகத்தான் ஓடுகிறது. லட்சக்கணக்கான எண்கள் இருந்தால், நிபந்தனையை நம்பையின் ‘வேர்’ (where) சார்பால் எழுதுவதே சரி.