அறத்துணிவும் பெற்றோர் கடனும்

உடல்வலியால் பிறக்கும் வீரம் வேறு, அறத்துணிவு வேறு. தோல்வியும் இழப்பும் உறுதியென அறிந்தும் நேர்மையின் பக்கம் நிற்பதே அறத்துணிவு. இதனைப் பெற்றோர் தம் மக்கட்குக் கற்பிக்கும் வழி யாது? ஈண்டு அதனைச் சிறிது ஆராய்வோம்.

அமெரிக்க நாட்டு ஹார்ப்பர் லீ அம்மையார் 1960-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘டு கில் எ மாக்கிங்பேர்டு’ என்னும் நாவல் இவ்வினாவைப் பொருளாகக் கொண்டது. ஆட்டிகஸ் பிஞ்ச் என்னும் வெள்ளை வழக்கறிஞர், பொய்க்குற்றம் சாட்டப்பட்ட கறுப்பின மனிதர் ஒருவருக்காக வாதிடுகின்றார். அவ்வூர் நடுவர் குழு எவ்வாறு தீர்ப்பளிக்கும் என்பதை அவர் முன்னரே அறிவார். ஆயினும், அவ்வழக்கைக் கைவிட்டால், தம் மக்களைப் பார்த்து ‘இது தகாது’ என்று சொல்லும் உரிமையையும் தாம் இழந்துவிடுவதாக எண்ணுகின்றார். வழக்குத் தோற்றது, ஊரார் பழித்தனர், பகைவன் ஒருவன் இரவில் அவர் பிள்ளைகளையே தாக்கினான்.

இஃது வெறுங்கதை என்பார்க்கு நம் கடலூரே விடை பகரும். கடலூர் முதுநகரில் 1890-இல் பிறந்த அஞ்சலையம்மாள், 1921-இல் ஒத்துழையாமை இயக்கத்தில் புகுந்தவர். 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைக் கொடுமையாக ஒடுக்கிய நீல் என்னும் ஆங்கிலப் படைத்தலைவனின் சிலை அந்நாளில் சென்னை மவுண்ட் ரோட்டில் நின்றது. அதனை அகற்றக் கோரி 1927-இல் நடந்த சத்தியாக்கிரகத்தில் அம்மையார் கலந்துகொண்டார். தனியாக அன்று, ஒன்பது வயது மகள் அம்மாக்கண்ணுவையும் உடனழைத்துக்கொண்டு! இருவரும் தண்டனை பெற்றனர். காந்தியடிகள் அச்சிறுமியைக் கண்டு, லீலாவதி எனப் பெயரிட்டுத் தம் ஆசிரமத்திற்கு அழைத்துச் சென்றார்.

சிலையோ அன்று அசையவில்லை. பத்தாண்டுகள் சென்று, 1937-இல், இராஜாஜி அமைச்சரவையின் காலத்திலேதான் அஃது அகற்றப்பட்டது. அவ்வாண்டில்தான் அஞ்சலையம்மாளும் சென்னை மாகாணச் சட்டசபையில் உறுப்பினரானார்.

பச்சிளம் பெண்ணைச் சிறைக்கு உட்படுத்துதல் தாய்க்குத் தகுமோ எனச் சிலர் வினவலாம். அவ்வினா எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆட்டிகஸ் தம் மக்களை வழக்கின் வெம்மையினின்று விலக்கிக் காக்கவே விழைந்தார். அஞ்சலையம்மாள் கைப்பிடித்து அழைத்துச் சென்றார். எனினும், விலக்கிய தந்தையின் மக்களும் ஆபத்தினின்று தப்பவில்லை. பெற்றோரின் நேர்மைக்குரிய விலையில் ஒரு பங்கைப் பிள்ளைகளும் செலுத்தவே நேர்கின்றது. அவ்விலைக்கு அஞ்சிப் பெற்றோர் வாய்மூடியிருப்பின், அதுவும் ஒரு பாடமே: நீதி என்பது நம் வீட்டு வாயிற்படி வரையில்தான் என்னும் பாடம். இரண்டினுள் எதனைப் பிள்ளைகட்கு விட்டுச் செல்வது என்பதே ஒவ்வொரு தாய் தந்தையர் முன்னும் நிற்கும் கேள்வி.

மாணவ நண்பர்களே! சிதம்பரத்திலிருந்து புகைவண்டியில் வருவோர் கடலூர் முதுநகரைக் கடந்தே இந்நகருக்குள் நுழைகின்றனர். அவ்விடத்தே அத்தாயையும் மகளையும் ஒருகணம் நினைமின். விடுதியில் ஏழை மாணவன் ஒருவன் சாதி சொல்லி இகழப்படும்போது, எதிர்த்து ஒரு சொல் உரைக்க நமக்குச் சிறைவாசம் நேராது. நண்பர் சிலரின் முகம் கோணும், அவ்வளவே. அச்சிறு விலையைத் தர மறுப்போமாயின், நாளை நம் மக்கட்கு எதனைக் கற்பிப்போம்?