பயிற்சியாளர் மாறினால் வெற்றி வருமா?

கால்பந்துக் கழகம் ஒன்று அடுத்தடுத்துத் தோற்கத் தொடங்கியதும் அதன் ரசிகர்களிடையே எழும் முதற் கேள்வி எது தெரியுமா? “அடுத்த பயிற்சியாளர் யார்?” என்பதுதான். இன்னார் வந்தால் கோப்பை நிச்சயம் என்பார் ஒருவர். அவர் வேண்டாம், இவரே தகுதியானவர் என்பார் மற்றொருவர். இந்த ஊகங்களுக்கெல்லாம் அடிப்படையாக ஒரு நம்பிக்கை உண்டு. ஆளை மாற்றினால் ஆட்டம் திருந்தும் என்பதே அது. இது எவ்வளவு தூரம் சரி? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் கழகத்தை எடுத்துக்கொள்வோம். 2018 டிசம்பரில், பிரீமியர் லீக் போட்டியில் 17 ஆட்டங்கள் முடிந்தபோது அக்கழகம் ஆறாம் இடத்தில் இருந்தது. டிசம்பர் 18 அன்று பயிற்சியாளர் ஜோசே மொரின்யோ நீக்கப்பட்டார். அடுத்து வரப்போவது ஜிடேனா, பொச்செட்டினோவா என்று ரசிகர்கள் அலசத் தொடங்கினர். பருவம் முடியும்வரை பொறுப்பைக் கவனிக்க, கழகத்தின் பழைய வீரரான சோல்சியார் அழைக்கப்பட்டார்.

முதல் ஆட்டத்தில் கார்டிஃப் அணியை 5–1 என வென்றார்கள். முதல் எட்டு ஆட்டங்களிலும் வெற்றியே! எல்லாப் போட்டிகளையும் சேர்த்து 19 ஆட்டங்களில் 14 வெற்றிகள். ரசிகர்கள் பலர் “இவரே போதும்” என்றனர். 2019 மார்ச் 28 அன்று அவர் நிரந்தரமாக நியமிக்கப்பட்டார். அதன்பின் அப்பருவத்தில் ஆடிய 10 ஆட்டங்களில் இரண்டில் மட்டுமே வெற்றி. கடைசி ஆட்டத்தில் அதே கார்டிஃப் அணியிடம், சொந்த மைதானத்திலேயே 0–2 எனத் தோல்வி. பருவ முடிவில் கழகம் பெற்றது எந்த இடம்? அதே ஆறாம் இடம்!

லீக் போட்டியில் வெற்றிக்கு 3 புள்ளிகள், சமநிலைக்கு 1 புள்ளி. அப்பருவத்தில் மொரின்யோவின் 17 ஆட்டங்களில் கிடைத்தவை 26 புள்ளிகள், சராசரி 1.53. சோல்சியாரின் 21 ஆட்டங்களில் 40 புள்ளிகள், சராசரி 1.90. நல்ல முன்னேற்றம் அல்லவா? சற்றுப் பொறுங்கள். மொரின்யோவின் முந்தைய இரு பருவங்களையும் சேர்த்துக்கொள்வோம். 69 + 81 + 26 = 176 புள்ளிகள்; ஆட்டங்கள் 93; சராசரி 1.89. ஏறத்தாழ அதே எண்!

இதற்குக் காரணம் என்ன? ஆட்டத்தின் முடிவில் திறமைக்குப் பங்கு உண்டு. தற்செயலுக்கும் பங்கு உண்டு. பந்து கம்பத்தில் பட்டு வெளியே போகலாம். முக்கிய வீரருக்குக் காயம் படலாம். இத்தகைய கெடுதல்கள் ஒருசேர வரும்போது அணி தன் வழக்கமான நிலைக்கும் கீழே இறங்குகிறது. கழகங்கள் பெரும்பாலும் அப்போதுதான் பயிற்சியாளரை மாற்றுகின்றன. தற்செயல் எப்போதும் ஒரே பக்கம் நிற்பதில்லை. ஆகவே யார் வந்தாலும் அணி ஓரளவு மேலே ஏறக்கூடும். இதனைச் ‘சராசரிக்குத் திரும்புதல்’ என்பர். பெற்றோர், பிள்ளைகள் ஆகியோரின் உயரங்களை ஆராய்ந்த பிரான்சிஸ் கால்டன் 1886-இல் இதை விளக்கினார். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள், சராசரியாகப் பார்த்தால், பெற்றோர் அளவுக்கு உயரமாக இருப்பதில்லை.

உங்கள் வகுப்பிலேயே சோதித்துப் பாருங்கள். ஒவ்வொருவரும் ஒரு பகடையை ஐந்து முறை உருட்டிக் கூட்டுத்தொகையைக் குறித்துக்கொள்ளுங்கள். எதிர்பார்க்கும் சராசரி 17.5. மிகக் குறைவாகப் பெற்ற ஐவருக்கு ஒரு ‘பயிற்சியாளரை’ நியமியுங்கள். அவர் அருகில் நின்று “நன்றாக உருட்டு!” என்று மட்டும் சொல்லட்டும். மறுமுறை அவர்களுள் பெரும்பாலோர் முன்னேறியிருப்பார்கள்! பயிற்சியாளருக்குக் கைதட்டலும் கிடைக்கும்.

பயிற்சியாளரால் பயனே இல்லை என்பது இதன் பொருளன்று. பகடைக்குத் திறமை கிடையாது, வீரர்களுக்கு உண்டு. மேலும், ஒரு கழகத்தின் கணக்கைக் கொண்டு முடிவு கட்டிவிட முடியாது. அதே அளவு சரிந்தும் பயிற்சியாளரை மாற்றாத அணிகள் எவ்வளவு மீண்டன என்று ஒப்பிட்டால்தான் உண்மை புலப்படும்.

ஒரு தேர்வில் மதிப்பெண் குறைந்தவன் திட்டு வாங்குகிறான். அடுத்த தேர்வில் அவன் மதிப்பெண் கூடுகிறது. திட்டியதால்தான் கூடியது என்று நாங்கள், ஆசிரியர்கள், எளிதில் நம்பிவிடுகிறோம். திட்டாமல் இருந்திருந்தாலும் கூடியிருக்குமோ? ஒருவரைப் புகழ்வதற்கும் பழிப்பதற்கும் முன் நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுவே.