மின்மாற்றிக்குள் தேய்ந்துபோகும் ஒரு பகுதி

மாலை ஆறரை மணி தாண்டினால் எங்கள் வீட்டு மின்விசிறி மெதுவாகும். "வோல்ட்டேஜ் இறங்கிட்டுது" என்று அம்மா ஓடிப்போய் பிரிஜ்ஜை நிறுத்துவார். ஓரிரு நிமிடத்தில் விசிறி கொஞ்சம் வேகமெடுக்கும், யாரோ எங்கேயோ ஒன்றைத் திருப்பிவிட்டதுபோல. திருப்புவது யார் என்று நான் கேட்டதில்லை. தொண்ணூறுகளில் போத்தல் விளக்கில் படித்து, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட வீட்டில் வளர்ந்தவளுக்கு, கரண்ட் இருப்பதே போதுமாக இருந்தது.

அண்மையில் பராமரிப்புக்காகக் காலை எட்டரையிலிருந்து மாலை ஐந்து மணிவரை மின்தடை என்று அறிவித்தார்கள். வழக்கம்போல் நானும் சலித்துக்கொண்டேன். மின்துறையில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்ற அயல்வீட்டு ஐயா சிரித்தார். "பிள்ளை, உன்ரை விசிறியைத் திருப்புறவனைத்தான் இண்டைக்குக் கழட்டித் துடைக்கினம்."

அவன் பெயர் டப் சேஞ்சர்.

சுன்னாகத்துக்கு 132 கிலோவோல்ட்டில் வரும் மின்சாரம் அங்குள்ள பெரிய மின்மாற்றிகளில் 33 கிலோவோல்ட்டாகக் குறைந்து ஊர்களுக்குப் போகிறது. ஒழுங்கை முகப்பில் நிற்கும் சிறிய மின்மாற்றி அதை வீட்டுக்கான 230 வோல்ட்டாக்குகிறது. இலங்கையில் இந்த 230 ஆறு சதவீதம் கூடலாம், குறையலாம். அதாவது 216க்கும் 244க்கும் இடையில் நிற்க வேண்டும். மாலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் விளக்கையும் மோட்டரையும் போட, அது கீழே இழுபடும். மின்மாற்றிச் சுருளில் படிக்கட்டுபோல இணைப்புகள் எடுத்துவிட்டிருப்பார்கள். ஒரு படி மாறினால் சுற்றுகளின் எண்ணிக்கை மாறும், அதனுடன் வோல்ட்டேஜும் மாறும்.

ஒழுங்கை மின்மாற்றியிலும் இப்படிப் படிகள் உண்டு. ஆனால் மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் மாற்றலாம் என்பதால், ஒருமுறை வைத்தால் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். பெரிய மின்மாற்றியை ஒவ்வொரு படிக்கும் நிறுத்த முடியாது. நிறுத்தினால் பாதி ஊர் இருளும். ஓடிக்கொண்டிருக்கும்போதே படி மாற வேண்டும்.

சிக்கல் இங்கேதான். பழைய படியை விட்டுவிட்டுப் புதியதைத் தொட்டால் நடுவில் மின்சாரம் அறும். இரண்டையும் ஒன்றாகத் தொட்டால் அந்த இரு படிகளுக்கு இடையில் குறுஞ்சுற்று ஏற்படும். 1920களில் பேர்ன்ஹார்ட் யான்சன் என்ற ஜேர்மன் பொறியியலாளர் இதற்கு ஒரு வழி கண்டார். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நாம் குறையாகச் சொல்வதை இந்தக் கருவி வேண்டுமென்றே செய்கிறது. இரு படிகளிலும் ஒரு கணம் கால் வைத்து, இடையில் ஓடும் மின்சாரத்தைத் தடைக் கம்பிகளால் கட்டுப்படுத்தி, அடுத்த படிக்குத் தாவிவிடும். இதற்கு எடுக்கும் நேரம் ஒரு செக்கனின் இருபதில் ஒரு பங்கு அளவுதான். மோட்டர் முதலில் ஒரு ஸ்பிரிங்கை இறுக்கும். தாவுவது அந்த ஸ்பிரிங்கின் விசையில். இடையில் மோட்டர் நின்றாலும் தாவல் நடுவழியில் நிற்கக்கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. நின்றால் தடைக் கம்பிகள் எரியும், அதன்பின் மின்மாற்றிக்கே ஆபத்து.

பழைய வகையில் ஒவ்வொரு தாவலும் எண்ணெய்க்குள் ஒரு தீப்பொறி. எண்ணெய் கறுக்கும், செம்பும் டங்ஸ்டனும் கலந்த தொடுமுனைகள் தேயும். அதனால்தான் இந்தச் சுவிட்ச் மின்மாற்றியின் பிரதான எண்ணெயோடு சேராமல் தனி அறைக்குள் இருக்கிறது. ஒரு நாளைக்கு 20 தாவல் என்று வைத்தால் ஆண்டுக்கு 7,300. பத்து ஆண்டில் 73,000. பெட்டியிலுள்ள எண்ணி ஒவ்வொன்றையும் பதிந்துகொள்ளும். ஆண்டுக் கணக்கு, தாவல் கணக்கு, இரண்டில் எது முந்துகிறதோ அப்போது திறக்க வேண்டும்.

திறப்பது எப்படி என்று ஐயா சொன்னதைக் கேட்டபின் எனக்குச் சலிப்பு வரவில்லை. மின்சாரத்தைத் துண்டித்து, நிலத்தொடுப்புச் செய்து, எந்தப் படியில் நிற்கிறது என்று குறித்துக்கொள்வார்கள். இதைக் குறிக்காமல் விட்டால் திரும்பப் பூட்டும்போது மோட்டர் ஒரு படியிலும் சுவிட்ச் இன்னொரு படியிலும் நிற்கும். அது பெரும் விபத்தில் முடியலாம். எண்ணெயை வடித்து, சுவிட்சைச் சங்கிலிக் கப்பியால் மேலே தூக்குவார்கள். கரியைச் சுத்தமான எண்ணெயால் கழுவி, தொடுமுனை எத்தனை மில்லிமீற்றர் தேய்ந்திருக்கிறது என்று அளப்பார்கள். தடைக் கம்பிகளின் பெறுமானம், நெளியும் செம்புப் பின்னல், ஸ்பிரிங், ரப்பர் வளையங்கள் எல்லாம் பார்க்கப்படும். ஒரு முனை மட்டும் கூடத் தேய்ந்திருந்தால் அதைமட்டும் மாற்றுவதில்லை, தொகுதியாகவே மாற்றுவார்கள். வெளியில் எடுத்த பாகம் காற்றின் ஈரத்தைக் குடிக்கும் என்பதால் மழை இல்லாத நாளில், சில மணித்தியாலத்தில் முடிக்க வேண்டும்.

மின்தடை நாள் முழுக்க நீள்வது இதனால்தான். இரண்டு மின்மாற்றிகள் உள்ள இடத்தில் ஒன்றை நிறுத்தினால் மற்றது சுமையை ஏற்கும். அதனால் தாங்க முடியாத பகுதிக்குத்தான் வெட்டு.

அசையாமல் கிடப்பதும் நல்லதல்ல. நீண்டகாலம் ஒரே படியில் நின்றால் தொடுமுனையில் படலம் பிடித்துச் சூடேறும். அதனால் பராமரிப்பு நாளில் எல்லாப் படிகளுக்கும் ஏற்றி இறக்கி ஓட்டுவார்கள்.

குடாநாட்டை மீண்டும் தேசிய மின்கட்டமைப்புடன் இணைத்த கிளிநொச்சி–சுன்னாகம் வழித்தடம் 2013இல் வந்தது. அதற்குமுன் இங்கு டீசல் இயந்திரங்களே கதி. திறப்பு விழாக்களைப் படம் பிடித்தோம். அப்போது புதிதாக இருந்தவற்றுக்கு வயது பத்தைத் தாண்டிவிட்டது. உதிரிப்பாகமோ, அதே உற்பத்தியாளரின் அதே மாதிரிக்கு உரியதாக இருக்க வேண்டும். சுன்னாகச் சந்தையில் கடைசல் பிடித்துப் பூட்ட முடியாது. 2022இல் எரிபொருள் வாங்கவே டொலர் இல்லாமல் 13 மணித்தியாலம் இருளில் இருந்த நாட்டில், அப்படியொரு பெட்டியை முன்கூட்டியே வாங்கிக் களஞ்சியத்தில் வைப்பது யாருடைய பட்டியலிலும் முதலிடம் பிடிக்காது.

புதிய வகையில் தீப்பொறி வெற்றிடக் குடுவைக்குள்ளேயே அணைகிறது. எண்ணெய் கறுப்பதில்லை, சில மாதிரிகள் 300,000 தாவல்வரை திறக்கத் தேவையில்லை என்கிறார்கள் உற்பத்தியாளர்கள். விலை கூட. ஆனால் கூரைச் சூரியமின்சாரம் பெருகி, பகலில் வோல்ட்டேஜ் ஏறி மாலையில் விழும் இந்தக் காலத்தில் தாவல்கள் கூடவே போகின்றன.

கறுத்த எண்ணெய் எங்கே போகிறது என்று கடைசியாகக் கேட்டேன். சுன்னாகப் பக்கத்தில் கிணற்று நீரில் எண்ணெய் மிதந்ததைப் பார்த்தவர்கள் வேறெதையும் முதலில் கேட்கமாட்டார்கள். பீப்பாக்களில் அடைத்துக் கணக்கெழுதிக் கொடுக்க வேண்டும் என்றார் ஐயா. அந்தக் கணக்கையும், எண்ணியின் இலக்கத்தையும், கடைசியாக எப்போது திறந்தார்கள் என்ற திகதியையும் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டு எழுதிவைத்திருக்கிறேன். விண்ணப்பம் திங்கட்கிழமை போகிறது.