ஆளில்லாத சீட்டுக்கு ஏன் பீப் ஒலிக்கிறது?

பக்கத்து சீட்டில் அரிசிப் பையை வைத்துக் காரைக் கிளப்பினால், ஆளே இல்லாத சீட்டுக்கும் பெல்ட் எச்சரிக்கை ஒலிக்கும். பல கார்களில் குஷனுக்கு அடியில் மெல்லிய சென்சார் விரிப்பு ஒன்று இருக்கிறது. அதன் இரு படலங்களுக்கு நடுவே சிறு இடைவெளி. எடை அழுத்தியதும் படலங்கள் தொட்டுக்கொள்ள, மின்சாரம் பாயும். அழுத்துவது ஆளா அரிசியா என்று அதற்குத் தெரியாது.

பக்கிளுக்குள் இன்னொரு சுவிட்ச். பெல்ட்டின் உலோக நாக்கு 'க்ளிக்' என்று பூட்டியதும் அதன் நிலை மாறும். சீட்டில் எடை இருந்து பக்கிள் பூட்டாவிட்டால் சிவப்பு விளக்கு எரியும். வேகம் கூடினால் ஒலியும் சேரும். இந்தியாவில் 2019 ஜூலை முதல் புதிய கார்களின் முன்சீட்டுகளுக்கு இது கட்டாயம்.

சத்தத்தை நிறுத்த பெல்ட் இல்லாத போலி நாக்கை மட்டும் செருகிவிடுகிறார்கள் சிலர். சுவிட்ச் ஏமாறும். ஆனால் மோதலில் உடம்பைப் பிடித்து நிறுத்த பெல்ட் இருக்காது; அதிவேகமாக விரியும் ஏர்பேக், முன்னால் பாயும் முகத்தில் அறையும். இந்தப் போலி நாக்குகளை ஆன்லைனில் விற்பதை 2023-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நிறுத்தச் சொன்னது மிகச் சரி.