கடைக்காலும் கடற்காற்றும்

2024ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் புதுச்சேரியின் ஆட்டுப்பட்டிப் பகுதியில், வாய்க்கால் ஓரமாக எழுப்பப்பட்டிருந்த புதிய மாடிவீடு ஒன்று, புதுமனை புகுவிழா நடைபெறும் முன்பே சாய்ந்து விழுந்தது. வாய்க்கால் பணிக்காக அருகில் மண் தோண்டப்பட்டிருந்தது. எவரும் குடியேறாதிருந்தமையால் உயிர்ச்சேதம் நேரவில்லை. ஆயினும், ஒரு குடும்பத்தின் பல்லாண்டுச் சேமிப்பு சில நொடிகளில் மண்மேடாயிற்று.

வீட்டின் சுமையைத் தாங்குவது கடைக்காலுக்கு நேர்கீழே உள்ள மண் மட்டுமன்று. சுமை கீழே செல்லச் செல்லப் பக்கவாட்டிலும் பரவுகிறது. அடித்தளத்தின் விளிம்பிலிருந்து ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் கீழ்நோக்கி ஒரு கோடு வரைந்தால், அக்கோட்டிற்கு உட்பட்ட மண் அவ்வீட்டிற்கு உரியது எனக் கொள்ளலாம். அதனை வெட்டினால், அணைப்பை இழந்த மண் பள்ளத்தை நோக்கி நகரும். அண்டை மனையில் ஆழமாக வானம் தோண்டும்போது முட்டுக்கொடுத்து, சிறுசிறு நீளங்களாகத் தோண்டிக் கட்டுவது இதன்பொருட்டே. கடற்கரையை ஒட்டி மணலும், நீர்நிலைகளை ஒட்டிக் களியும் காணப்படும் ஊரில், அடுத்த வீட்டுக் கடைக்காலின் அளவைப் பார்த்துத் தம் வீட்டிற்கும் அதனையே கொள்வது தவறு. மண் ஆய்வுக்கு ஆகும் செலவு, வாயிற்கதவின் வேலைப்பாட்டிற்கு ஆகும் செலவினும் பெரும்பாலும் குறைவே!

கடைக்காலுக்கு அடுத்து, கடலோர வீட்டின் பகை உப்பு. கற்காரையின் காரத்தன்மை உள்ளிருக்கும் இரும்புக் கம்பியைத் துருவினின்று காக்கிறது. காற்றிலும் நீரிலும் உள்ள குளோரைடு உட்புகுந்தால் அக்காப்பு அழிகிறது. துரு, இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால் கற்காரை உள்ளிருந்தே பிளந்து உதிர்கிறது. எனவே, கடலோரச் சூழலுக்கு வெளிப்பட்ட கற்காரையில் கம்பியின்மேல் 45 மில்லிமீட்டர் மூடுகனம் வேண்டும் என்று இந்தியத் தரநிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 456 விதிமுறை கூறுகிறது. கம்பிக்கு அடியில் உடைந்த ஓட்டுச்சில்லை வைத்துத் தளம் போடுவோர் இன்றும் உளர். கனம் மாறாத கவர் பிளாக்குகளே பொருத்தமானவை.

கலவைக்குச் சேர்க்கும் நீரும் அளவாக இருத்தல் வேண்டும். அவ்விதிமுறை இச்சூழலுக்குக் குறிக்கும் நீர்-சிமெண்டு விகிதம் 0.45, அதாவது 50 கிலோ மூட்டைக்கு ஏறத்தாழ 22 லிட்டர். மணலின் ஈரமும் இதில் அடங்கும். கொட்டுவதற்கு எளிதாக இருக்கட்டும் என்று ஒரு குடம் மிகுதியாக ஊற்றினால், அந்நீர் வற்றிய இடமெல்லாம் நுண்துளைகளாகி உப்புக்கு வழிவிடும். உவர்ப்பேறிய கிணற்றுநீரைக் கலவைக்கும் நீராற்றுவதற்கும் பயன்படுத்துவது, பகையைத் தாமே உள்ளே அழைப்பதாகும்.

பழங்கட்டடங்களுக்கு மழைநீரே பெரும் சோதனை. கடற்கரைச் சாலையில் 19ஆம் நூற்றாண்டில் எழுந்த மேரி கட்டடம், 2014 நவம்பரில் பெய்த கனமழையின்போது இடிந்து விழுந்தது. பழைய தோற்றத்திலேயே மீண்டும் கட்டப்பட்டு 2021இல் திறக்கப்பட்டது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பெய்தது. வீட்டின் தளமட்டத்தைத் தெருவின் மட்டத்தைக் கொண்டு மட்டும் முடிவு செய்யாமல், அத்தெருவில் முன்னர் நீர் நின்ற உயரத்தை முதியோரிடம் கேட்டறிந்து, அதற்கு மேலாக அமைப்பது நன்று. மின்செருகிகளையும் மீட்டர்ப் பலகையையும் அவ்வுயரத்திற்கு மேலேயே பொருத்துதல் வேண்டும்.